கைவிடப்பட்ட கதவு: மோட்டார் கார்ப் பூட்டின் பலவீன வரலாறு

பழைய காரில் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டவர் அடுத்தடுத்து இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்கிறார். தன் காருக்குள் தன்னாலேயே நுழைய முடியாது என்பது ஒன்று. ஆள் அனுப்பி அழைத்துவந்த மெக்கானிக் ஓர் இரும்பு ஸ்கேலைக் கண்ணாடிக்கும் ரப்பர் பீடிங்குக்கும் நடுவே விட்டு, பேச்சுக்கு நடுவிலேயே கதவைத் திறந்துவிடுவார் என்பது மற்றொன்று. உடையவரைத் தெருவில் நிறுத்திய அதே பூட்டு, விவரம் தெரிந்த கைக்கு உடனே இணங்கிவிடுகிறது. மலிவான தயாரிப்பு என்றும் வயதான வண்டி என்றும் இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அமெரிக்க, பிரிட்டிஷ் கார்களின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. திருடனைத் தடுக்கும் பொறுப்பைக் கதவிடம் தருவதில்லை என்று கார்த் தொழில் வெகு முன்பே தீர்மானித்துவிட்டது. அந்தத் தீர்மானம் எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு காலத்திலும் எதற்குச் செலவு செய்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதில் அதைப் படிக்கலாம்.

தொடக்கத்தில் கதவைப் பூட்டுவதற்கே பொருள் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் தரும் கணக்குப்படி 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் மூடிய கூண்டு கொண்டவை ஏறத்தாழ 10 சதவீதம்தான். மற்றவற்றில் கூரை துணி, பக்கம் திறந்தவெளி. ஆகவே வண்டி ஓடத் தேவையான மின்சுற்றைத்தான் பூட்டினார்கள். மின் ஸ்டார்ட்டர் வந்த பிறகான ஃபோர்டு மாடல் டி கார்களின் சுவிட்ச் சாவிகள் 51 முதல் 74 வரை எண்ணிடப்பட்டிருந்தன. இலட்சக்கணக்கில் ஓடிய வண்டிகளுக்கு மொத்தம் 24 வகைச் சாவிகள். ஒரு சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு நாட்டையே சுற்றிவரலாம். திருடிய காரை மாநில எல்லை தாண்டி ஓட்டிச் செல்வதைக் கூட்டரசுக் குற்றமாக்கிய டையர் சட்டம் அதே 1919இல் வந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. பூட்டால் முடியாததைத் தண்டனையால் செய்து பார்த்தார்கள்.

1927க்குள் மூடிய கார்களின் பங்கு 85 சதவீதமாக உயர்ந்தது. இப்போது கதவுக்கு ஒரு பூட்டு வேண்டும். வீட்டுக் கதவுகளுக்கு லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை பெற்ற ஊசித் தண்டுப் பூட்டு ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தது. கார்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுத்ததோ அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1868இல் ஃபைலோ ஃபெல்டர் காப்புரிமை பெற்ற தட்டைத் தகட்டு வகையின் வழிவந்தவற்றை. மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு சுருள்வில், அவ்வளவுதான். செய்வது மலிவு, தூசியும் அதிர்வும் குளிரும் படும் இடத்தில் சிக்காமல் சுழலும். மில்வாக்கியின் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் நிறுவனம் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து இந்தப் பூட்டுகளை மலைமலையாகச் செய்தது. 1935இல் ஜெனரல் மோட்டார்ஸுக்காக அது கொண்டுவந்த பக்கத்தண்டுப் பூட்டு உண்மையிலேயே நல்ல முன்னேற்றம். தகடுகள் அனைத்தும் சரியாக வரிசைப்பட்டால்தான் பக்கவாட்டுத் தண்டு உள்ளே இறங்கும். கம்பியால் துழாவித் திறப்பது கடினமாயிற்று.

அதனால் கதவு பலப்பட்டதா என்றால், இல்லை. சாவி நுழையும் உருளைக்கும் கதவைப் பிடித்திருக்கும் கொக்கிக்கும் இடையில் ஓர் உலகம் இருக்கிறது. உருளையின் வால் ஒரு நெம்புகோலைத் திருப்புகிறது. நெம்புகோல் ஒரு மெல்லிய கம்பியை இழுக்கிறது. கம்பி கொக்கியின் தடையை விலக்குகிறது. சன்னலோரம் தலைநீட்டும் குமிழும் இன்னொரு கம்பியால் அதே இடத்தில்தான் இணைகிறது. இவை எல்லாம் கதவின் வெற்றுக் குழிக்குள் காவலின்றிக் கிடக்கின்றன. கண்ணாடி ஏறி இறங்க வேண்டுமானால் மேலே இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ஆக, உருளையை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும், அதைத் தொடாமலே கம்பியை அசைத்துவிடலாம். இழுவை வண்டிக்காரர்களின் தட்டைத் தகடும் நம் மெக்கானிக்கின் ஸ்கேலும் செய்வது இதைத்தான். குடைத்தலைக் குமிழ்கள் இருந்த காலத்தில் கோட்டு மாட்டும் கம்பியைச் சுருக்குப் போட்டு மேலே இழுத்தால் போதும். குமிழின் தலையை ஒல்லியாக்கியது, தயாரிப்பாளர்கள் செய்த மிக மலிவான பாதுகாப்புச் சீர்திருத்தம்.

முன்கதவின் முக்கோணக் கண்ணாடி இன்னும் எளிய வழி. அதன் சிறு தாழ்ப்பாள் நழுவினால் கையை உள்ளே விட்டுக் கைப்பிடியைத் திருகலாம். 1960களின் இறுதியில் அமெரிக்கக் கார்களிலிருந்து அது மறையத் தொடங்கியதற்குத் திருடர்கள் காரணமல்ல. டாஷ்போர்டு வழியாகக் காற்று வரும் ஏற்பாடு வந்துவிட்டதால் அது தேவையற்ற செலவாயிற்று. பாதுகாப்பு கிடைத்தது பக்க விளைவாக.

கதவின்மீது பெரும் ஆராய்ச்சி நடந்த காலமும் உண்டு. ஆனால் அதன் கேள்வி வேறு. 1950களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் விபத்துக் காய ஆய்வு, மோதலின்போது கதவு தானே திறந்து மனிதர்கள் வெளியே வீசப்படுவதுதான் சாவுகளுக்கு ஒரு முக்கியக் காரணம் என்று காட்டியது. 1956ஆம் ஆண்டின் அமெரிக்கக் கார்கள் பிணைந்துகொள்ளும் புதிய கொக்கிகளுடன் வந்தன. 1968 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த கூட்டரசுத் தரவிதி 206 தன் தலைப்பிலேயே கதவுப் பூட்டுகளைக் குறிப்பிடுகிறது. முழுதாகப் பிடித்த கொக்கி நீளவாக்கில் 2,500 பவுண்டு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. அந்த விதியின் கவலையெல்லாம் உள்ளே இருப்பவர் வெளியே விழக்கூடாது என்பதுதான். வெளியே இருப்பவர் உள்ளே வருவது பற்றி அதற்கு அக்கறை இல்லை. விளைவாக, ஒரு டன்னுக்கும் மேலான இழுப்பைத் தாங்கும் கதவை ஒரு விரல் அசைத்துத் திறக்கும் கம்பி ஆள்கிறது. இந்தத் தேர்வைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிருக்கும் உடைமைக்கும் இடையே ஒன்றுக்குத்தான் பணம் என்றால் அவர்கள் சரியானதற்கே செலவிட்டார்கள்.

சாவியை உள்ளே விட்டுப் பூட்டிக்கொள்ளும் விபத்தும் வடிவமைப்பிலிருந்து பிறந்ததே. குமிழை அழுத்திவிட்டுக் கதவை அறைந்தாலே பூட்டிக்கொள்ளும் வசதி ஒரு வழி. கைநிறையச் சாமான் வைத்திருப்பவருக்கு அது வரம், மறதிக்காரருக்குப் பொறி. ஓட்டுநர் கதவை வெளியே நின்று சாவியால் மட்டுமே பூட்ட முடியும்படி செய்வது இன்னொரு வழி. அதில் இந்தச் சங்கடம் ஏறக்குறைய எழாது. குமிழை அழுத்தியபின் கைப்பிடியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாத்தினால்தான் பூட்டும் என்பது இரண்டுக்கும் நடுவே கண்ட சமரசம். பழக்கம் ஏறியதும் கை அதையும் யோசிக்காமல் செய்யத் தொடங்கிவிடும் என்பதை வடிவமைத்தவர்கள் எண்ணவில்லை போலும். 1914இலேயே ஸ்கிரிப்ஸ்-பூத் காரில் மின்சாரக் கதவுப் பூட்டு இருந்தது. 1956இல் பேக்கார்டு அதை மீண்டும் கொண்டுவந்தது. ஒரே விசையில் நாலு கதவும் பூட்டும் வசதி வந்ததும், மறந்துபோன ஒரு கதவு திறந்திருக்கும் என்ற பழைய நம்பிக்கையும் போயிற்று. 1970 சனவரியில் அமலான தரவிதி 114, சாவியைச் செருகிய இடத்திலேயே விட்டு ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஒலி எழ வேண்டும் என்றது. திருட்டைக் குறைக்கவே அந்த ரீங்காரம். மறதிக்காரர்களும் அதனால் பிழைத்தார்கள்.

சில வகைச் சாவிகளே எல்லாக் கார்களுக்கும் பொதுவாக இருந்த கதை பிரிட்டனில் இன்னும் வெளிப்படையானது. போருக்குப் பிந்தைய மோரிஸ், மினி முதலான கார்களில் எம்.ஆர்.என். வரிசைச் சாவிகள் 1 முதல் 50 வரை, பின்வந்த எஃப்.எஸ். வரிசை 876 முதல் 955 வரை, அதாவது 80. அந்த எண்ணைப் பல பூட்டுகளின் முகத்திலேயே பொறித்தும் வைத்தார்கள். சாவி தொலைந்தால் எண்ணைச் சொல்லிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். திருடனுக்கும் அதே கடைதான். நிகழ்தகவுக் கணக்குப் போட்டுப் பார்த்தால், எல்லா எண்களும் சமமாக வழங்கப்பட்டன என்று கொண்டு, 50 வகைகளில் ஒன்பது கார்கள் ஓரிடத்தில் நின்றாலே ஏதேனும் இரண்டுக்கு ஒரே சாவி இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டுகிறது. 80 வகைகளுக்குப் பதினொரு கார்கள் போதும். ஓர் அம்பாசடரின் சாவி இன்னொன்றைத் திறக்கும் என்று நம் ஊர் ஓட்டுநர்கள் சொல்லும் கதையை வெறும் கதை என்று தள்ளிவிட முடியாது. உத்தரபாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட அந்தக் கார், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பிரிட்டிஷ் பிறவியே. போட்டியில்லாத உரிமக் காலத்தில் பூட்டை மாற்ற யாருக்கும் அவசரமில்லை.

வயது இதன்மேல் ஏறுகிறது. பித்தளைத் தகடும் துத்தநாக உருளையும் சாவியின் வெட்டுகளும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. நாளடைவில் ஏறக்குறைய ஒத்த சாவி எதுவும் திருப்பிவிடும். தினமும் பயன்படும் ஓட்டுநர் பக்கப் பூட்டு தேய்ந்து போக, யாரும் சாவி போடாத இடப்பக்கப் பூட்டு துருவேறி இறுகிக்கொள்கிறது. உள்ளே கம்பியை நெம்புகோலோடு பிணைக்கும் சிறு பிளாஸ்டிக் கிளிப் ஒருநாள் முறிகிறது. அன்று சாவி வெண்ணெயில் சுழல்வதுபோல் சுழலும், கதவு மட்டும் அசையாது. பூட்டு நலிய நலிய அந்நியருக்கு இளகி, உடையவருக்கு இறுகுகிறது.

கதவைப் பலப்படுத்துவதற்கு மாறாக, அரசுகள் கவனத்தை ஸ்டியரிங் பக்கம் திருப்பின. மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் ஸ்டியரிங் பூட்டைப் புதியது, பழையது என்று பாராமல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 1971இலிருந்து புதிய கார்களுக்கு மட்டும். இரண்டையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகத்தின் 1976ஆம் ஆண்டு ஆய்வு முக்கியமானது. ஜெர்மனியில் திருட்டு குறைந்தது. பிரிட்டனில் புதிய கார்கள் தப்பித்தன, திருடர்கள் பழையவற்றின் பக்கம் திரும்பினார்கள். பாதுகாப்பின் செலவைப் பழைய கார் வைத்திருந்தவர்கள் ஏற்றார்கள் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அமெரிக்காவிலோ 1968 வரை கார்களுக்கான மாஸ்டர் சாவிகளைத் தபாலில் அனுப்பத் தடையே இல்லை.

அடுத்த கட்டம் எல்லோரும் அறிந்தது. 1982இல் ரெனோ ஃபியூகோ தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் கருவியுடன் வந்தது. சாவியில் உள்ள சில்லின் குறியீடு சரியாக இல்லாவிட்டால் எஞ்சினை இயங்கவிடாத இம்மொபிலைசர் 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கார்களில் கட்டாயமாயிற்று. பொருளியலாளர்களான வான் உர்ஸ், வோலார்டு இருவரும் நெதர்லாந்துத் தரவுகளை ஆராய்ந்து, அது கார்த் திருட்டைச் சராசரியாக 40 சதவீத அளவுக்குக் குறைத்தது என்று கண்டார்கள். கதவுப் பூட்டில் ஒரு தகடுகூட மாறாமல் கிடைத்த பலன் இது.

அமெரிக்கா இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கவில்லை. அதன் விலையை 2020களில் கண்டோம். 2011க்கும் 2021க்கும் இடையே அங்கு விற்ற பல கியா, ஹூண்டாய் மாடல்களில் அது இல்லை. சமூக ஊடகக் காணொளிகளைப் பார்த்த சிறுவர்கள் ஸ்டியரிங் தண்டின் மூடியைப் பெயர்த்து ஓட்டிச் சென்றார்கள். உள்ளே நுழைய அவர்களுக்கு ஒரு கண்ணாடியை உடைப்பதே போதுமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்த தீர்வு ஏறத்தாழ 83 இலட்சம் வண்டிகளுக்கான மென்பொருள்: எச்சரிக்கை ஒலி 30 நொடிக்குப் பதிலாக ஒரு நிமிடம் ஒலிக்கும், சாவி செருகப்படாமல் வண்டி கிளம்பாது. ரிமோட்டால் கதவைப் பூட்டும்போதுதான் இந்தத் தடை விழித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். கதவுப் பூட்டுக்கு அந்த ஏற்பாட்டில் மிஞ்சிய வேலை, உடையவர் போய்விட்டார் என்று எஞ்சினுக்குச் சொல்வது மட்டுமே.