அன்னத்தின் மேல் பூசிய பனி

பல ஆண்டுகளுக்கு முன், காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிகள் ஒலிக்கும் தெருக்களை அடுத்த பங்கொன்றில் நாம் பணியாற்றினோம். திருவருகைக் காலம் தொடங்கியதும் மறைக்கல்விச் சிறார் கெட்டித்தாளை இரண்டாக மடித்து, நீர்வண்ணத்தால் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகள் தீட்டுவர். வெளிநாட்டு அட்டை ஒன்றை அவர்களுக்கு மாதிரியாக வைப்போம்: பனி மூடிய ஊசியிலை மரம், முள்விளிம்பு இலைக்கொத்து, செம்மார்புச் சிறுகுருவி. நெசவாளர் ஒருவரின் மகள், மரம் இருக்கவேண்டிய இடத்தில் அரக்குச் சிவப்பில் ஓர் அன்னத்தை எழுதியிருந்தாள். “இது எங்க தறியில வர்ற அன்னம், சாமி” என்றாள். கிறிஸ்மஸுக்கு அன்னம் எதற்கு என்று சொல்லி, அதன்மேல் வெள்ளை பூசிப் பனிமேடாக்கச் செய்தோம்.

நாம் அவ்வளவு உறுதியாக நம்பிய அந்த மாதிரி எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னரே தேடிப் படித்தோம்.

இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் செல்லும் வசதி வந்தது. கடிதங்கள் குவிந்தன, பதில் எழுத நேரமில்லை. ஹென்றி கோல் என்பவர் 1843இல் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி, கல்லச்சில் 1000 படிகள் எடுத்தார். விலை ஒரு ஷில்லிங். அச்சு கோடுகளை மட்டுமே தந்தது. மேசன் என்னும் வண்ணக்காரர் கையால் நிறம் தீட்டினார். அந்த முதல் அட்டையின் நடுப்படத்தில் பனியுமில்லை, குருவியுமில்லை. மேசையைச் சூழ்ந்து ஒரு குடும்பம் திராட்சை இரசம் அருந்துகிறது. இரு பக்கங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கப்படுகின்றன. சிறு பிள்ளைக்கும் இரசம் தருவதாக வரைந்திருந்ததால் மதுவிலக்காளர் சினந்தனர் என்பது தனிக்கதை.

பனியும் குருவியும் பின்னர்ப் பரவியவை. பனி அந்நாட்டு டிசம்பர் மாதத்தின் இயல்பு. குருவியோ, அக்காலத் தபால்காரர் செந்நிற மேலங்கி அணிந்ததால் மக்கள் அவர்களுக்குச் சூட்டிய வேடிக்கைப் பெயரிலிருந்து அட்டைக்குள் பறந்து வந்தது என்பர். 1870களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லூயி பிராங் பல வண்ண அச்சில் அட்டைகளை வெளியிட்டார். வாணிபத்தில் கைவண்ணக்காரரின் தேவை அருகியது. ஆக, ஓர் ஊரின் வானிலையையும் தபால்காரர் பற்றிய பகடியையும் நாம் மறையுண்மைபோல் காத்துவந்திருக்கிறோம்!

நம்மிடம் தூரிகை இல்லாமலா போயிற்று? அதே 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் அபிரகத் தகடுகளில் சிறு ஓவியங்கள் தீட்டி ஐரோப்பியருக்கு விற்றனர். கோவாவில் 1902இல் பிறந்த ஆஞ்சலோ த ஃபொன்சேகா, சாந்திநிகேதனில் அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்று, அன்னை மரியாளைச் சேலை உடுத்தியவராக நீர்வண்ணத்தில் தீட்டினார். ஊரில் எதிர்ப்பு எழவே, புனே நகரம் சென்று அங்கேயே வாழ்ந்து, 1967இல் இறந்தார். எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகத் திருச்சபை கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு கூறுகிறது. குருமடத்தில் நாம் அதை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதினோம். அன்னத்தைக் கண்ட அன்று அது நினைவுக்கு வரவில்லை.

அச்சிறுமியின் வீட்டுக்குப் பின்னொரு நாள் சென்றபோது, சுவரில் ஒரு கட்டத்தாள் தொங்கியது. சேலைக் கரைக்கான அன்னம், கட்டம் கட்டமாக வண்ணத்தில் நிரப்பப்பட்டிருந்தது. அக்கட்டங்களைப் பார்த்தே ஜக்கார்டு பெட்டிக்கான அட்டைகளில் துளையிடுவர். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை உயரும், சரிகை அதன்கீழ் ஓடும். ஒரு கட்டம் பிழைத்தால் அன்னத்தின் கழுத்து கோணும். இன்று அவ்வேலையைப் பெரும்பாலும் கணினி செய்கிறது. அன்று தூரிகைதான் செய்தது. வண்ண அட்டை தீட்ட அக்குழந்தைக்கு நாம் மாதிரி வைத்தோமே என்று நாணினோம். அதை அவளிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

அந்த அட்டை இன்னும் நம் செப நூலுக்குள் இருக்கிறது. நீர்வண்ணத்தின் மேல் வெள்ளை பூசினால் அடியிலுள்ள சிவப்பு கரைந்து மேலேறும் என்பது நமக்கு அப்போது தெரியாது. பனிமேடு இப்போது வெளிர்சிவப்பாக இருக்கிறது. வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடித்தால் அலகும் தெரிகிறது.