தானியம் காத்த இலைகள்

நெல்லை விளைவிப்பது பாதி வேலைதான். அடுத்த அறுவடை வரை அதைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றுவது மீதிப் பாதி. ரசாயன மருந்துகள் வருவதற்கு முன் தமிழகக் கிராமங்கள் இந்த மீதி வேலையை எப்படிச் செய்தன?

குதிரும் பத்தாயமும்

மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவது குதிர். மரப்பலகையால் செய்வது பத்தாயம். தானியத்தை இவற்றில் கொட்டுமுன் நன்றாக வெயிலில் காயப்போடுவார்கள். ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்தால் 'கடுக்' என்று உடைய வேண்டும். ஈரம் குறைந்த தானியத்தில் வண்டு எளிதில் பெருகாது.

அதற்குப் பிறகுதான் இலைகளின் வேலை. நிழலில் உலர்த்திய வேப்பிலை, நொச்சி இலை, புங்க இலை ஆகியவற்றைத் தானியத்தோடு கலந்து போடுவார்கள். விதைக்கு எடுத்து வைத்த தானியத்தில் வசம்புத் தூள் கலப்பதும், பயறு வகைகளில் எண்ணெய் தடவி வைப்பதும் உண்டு.

ஏன் இந்த வேறுபாடு?

இதில் நுட்பமான காரணம் இருக்கிறது. கூன்வண்டு தானியத்தில் துளை போட்டு உள்ளே முட்டையிடும். புழு உள்ளேயே இருந்து தின்று வளரும். உள்ளே போனபின் ஒன்றும் செய்ய முடியாது. எனவே வண்டை அண்டவிடாத வாசனை தேவை. நொச்சியும் வேம்பும் அதற்குத்தான். பயறு வண்டோ பயறின் மேல்தோலில் முட்டை ஒட்டும். எண்ணெய்ப் பூச்சு அந்த முட்டைக்குக் காற்றுப் போகாமல் அடைத்துவிடும்!

ஆய்வகம் கண்டது

1959-இல் சூடானில் வெட்டுக்கிளிகள் மற்ற மரங்களை மொட்டையடித்துவிட்டு வேம்பைத் தொடாமல் போனதை ஜெர்மன் அறிஞர் ஷ்முட்டரர் கவனித்தார். 1968-இல் இங்கிலாந்தில் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. பூச்சியின் பசியைக் கெடுப்பதும், புழு தோலுரித்து வளர்வதைத் தடுப்பதும் இதுவே. இந்த மூலக்கூறை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்கக் கேம்பிரிட்ஜ் குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன. 2007-இல்தான் வெற்றி கிடைத்தது.

ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்

100 பங்கு கோதுமையில் 1 முதல் 2 பங்கு வேப்பம்பருப்புத் தூள் கலந்தால் பல மாதங்கள் வண்டு தாக்காது என்று இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்டது 1965-இல். அதே ஆண்டு ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்! தானியம் வீட்டுக் குதிரிலிருந்து அரசுக் கிடங்குக்கு நகரத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான டன் மூட்டைகளை வேப்பிலை போட்டுக் காக்க முடியாது என்பதும் உண்மை. அங்கே பாஸ்பீன் புகைமூட்டம் வந்தது. விவசாயிகளிடையே பரவிய பி.எச்.சி. பொடி 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பாஸ்பீனுக்குச் சாகாத வண்டுகளும் உருவாகிவிட்டன.

எழுதாத அறிவு யாருடையது?

1994-இல் வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரின் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க நிறுவனமான டபிள்யூ.ஆர். கிரேசும் அமெரிக்க வேளாண் துறையும் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்தனர். 2000-இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது. அது தானியச் சேமிப்பு பற்றிய வழக்கு அல்ல. ஆனால் 'இது முன்பே தெரிந்ததுதான்' என்பதை நிரூபிக்கப் பத்தாண்டு போராட வேண்டியிருந்தது.

குதிர் நிரப்பிய பெண்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. எந்தத் தானியத்துக்கு எந்த இலை, எத்தனை பிடி என்பது அவர்களின் கைக்கணக்கு. களத்திலேயே நெல்லை விற்கும் பழக்கம் வந்தபின் அந்தக் கணக்கு அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. அது தெரிந்த பாட்டிமார்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, அளவோடு எழுதி வைப்பதே இப்போது செய்ய வேண்டிய வேலை.