கொடுமணல் பானையின் இரு நிறங்கள்

நாமக்கல் சமவெளியிலிருந்து காவிரியைக் கடந்து மேற்கே சென்றால், நொய்யலின் வடகரையில் கொடுமணல் என்னும் சிற்றூரைக் காணலாம். 1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் அங்கு அகழாய்வு நடத்தினர். கிடைத்த மட்கலங்களில் பல, உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. வயதோ ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல்!

ஒரே களிமண்ணுக்கு இரு நிறம் எப்படி வந்தது? சாயம் பூசியதாலா? இல்லை. களிமண்ணில் இரும்புச் சத்து உண்டு. சூளையில் காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்தது. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால், காற்றுப் படாத உட்புறத்தில் கரி ஏறிக் கறுத்தது என்பர் ஆய்வாளர்.

காற்றை அடக்கிய குயவருக்கு மேலும் இரு பகைகள் உண்டு. ஒன்று ஈரம். நன்கு காயாத பானையை விரைவாகச் சூடாக்கினால், உள்ளிருக்கும் நீர் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருத்து ஆவியாகிச் சுவரைப் பிளந்துவிடும். மற்றொன்று அவசரம். ஏறக்குறைய 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் திடீரெனப் பருமன் மாறுகிறது. அப்போது சூளை வேகமாகக் குளிர்ந்தால் விரிசல் விழும். பல நாள் உழைப்பு வெறும் ஓடாகும்.

வெப்பமானி இல்லாத அக்காலத்தில் பட்டறிவே துணை. சேலம் சந்தையில் பானை வாங்கும்போது நீங்களும் தட்டிப் பாருங்கள். ‘கணீர்’ என்று ஒலித்தால், பொறுமையாகச் சுட்ட பானை அது!