ஆணழகனுக்குப் பெண்பால் என்ன?

போன வாரம் மேனாம்பேடு மெயின் ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு மாடி ஜிம்மின் வாசலில் புது பிளெக்ஸ் பேனர் பார்த்தேன். ஆணழகன் போட்டிக்கான விளம்பரம். எண்ணெய் பூசிய ஆறேழு இளைஞர்கள், நடுவே ஒரு பெண். புஜத்தை மடக்கி நிற்கிறாள். மேலே கொட்டை எழுத்தில் 'ஆணழகன்'. கீழே பொடி எழுத்தில், 'பெண்கள் பிரிவும் உண்டு'.

நியாயம்தான், வேறு எப்படிப் போடுவார்கள்? 'அழகிப் போட்டி' என்று போட்டால் வேறு கூட்டம் வந்துவிடும். ஆணுக்குத் தசையும் அழகும் ஒன்று என்று தமிழ் ஒரே சொல்லில் முடித்துவிட்டது. பெண்ணுக்கு அந்தச் சொல் இல்லை. இது தமிழின் குறை மட்டுமல்ல, அந்த விளையாட்டின் நாற்பத்தைந்து வருஷத் தகராறே இதுதான்.

எங்கள் இளமையில் ஜிம் என்ற பேச்சே கிடையாது. தேகப்பயிற்சி சாலை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சுவரில் ஆஞ்சநேயர் படம். பக்கத்திலேயே சாண்டோ படமும் இருக்கும். ஜெர்மனியில் பிறந்த யூஜின் சாண்டோ 1904-05 வாக்கில் இந்தியாவைச் சுற்றி வித்தை காட்டிவிட்டுப் போனவர். உடம்பு வளர்த்தவர்களுக்கெல்லாம் அவர் பெயரே பட்டமாக ஒட்டிக்கொண்டது. சாண்டோ சின்னப்பா தேவர் நம் எல்லோருக்கும் தெரிந்தவர்தானே. அந்தச் சாலைகளுக்குள் பெண்கள் வந்து நான் பார்த்ததில்லை.

பலசாலிப் பெண்கள் இல்லாமல் இல்லை. கல்கத்தாவில் விஷ்ணு சரண் கோஷிடம் பயின்ற ரேபா ரட்சித் 1950-களில் நெஞ்சின் மேல் பலகை வைத்து யானையை ஏற்றிக் காட்டினார். சர்க்கஸில் என்றால் ஊரே கைதட்டும். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அதிசயமாக இருக்கும்வரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அம்பத்தூர் பக்கம் கட்டட வேலைக்கு வரும் சித்தாள் பெண்கள் தலையில் பத்துச் செங்கல் ஏற்றி மூன்று மாடி ஏறுகிறார்கள். அந்தத் தோளையும் கெண்டைக்காலையும் பார்த்து 'ஆம்பிளை மாதிரி' என்று யாரும் சொல்வதில்லை. கூலிக்காக வளர்ந்த தசை பரவாயில்லை போலும். தனக்காக வளர்த்தால்தான் கேள்வி வருகிறது.

அமெரிக்காவில் 1940-களிலேயே ஆபி ஸ்டாக்டன் என்ற பெண் கலிபோர்னியா கடற்கரையில் எடை தூக்கினார், பெண்களுக்காகப் பத்திரிகையில் தொடரும் எழுதினார். ஆனால் பெண்களின் தசையைப் பார்த்து மதிப்பெண் போடும் போட்டி 1970-களின் கடைசியில்தான் வந்தது. 1980-இல் முதல் மிஸ் ஒலிம்பியா பட்டம் ரேச்சல் மெக்லிஷுக்குக் கிடைத்தது. ஒடிசலான, பார்க்க லட்சணமான உடம்பு. எல்லோருக்கும் திருப்தி.

பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து பெவ் பிரான்சிஸ் வந்தார். பளுதூக்கலின் 'பவர்லிப்டிங்' பிரிவில் உலக சாம்பியன். 1983-இல் லாஸ் வேகாஸில் நடந்த போட்டியை 'பம்பிங் அயர்ன் 2' என்று படமாகவே எடுத்திருக்கிறார்கள். பேரன் தயவில் பார்த்தேன். மேடையில் இருந்தவர்களிலேயே அதிகத் தசை அவருக்குத்தான். கிடைத்ததோ எட்டாவது இடம். படத்தில் நடுவர்கள் கூட்டம் ஒன்று வருகிறது. பெண்மை கெடாத உடம்பைத் தேட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, நடுவர் ஒருவர் எதிர்த்துக் கேட்கிறார். சமையல் போட்டி வைத்துவிட்டு, ருசி அதிகமாகிவிட்டது என்று மார்க் குறைக்கிற கதை. பிரான்சிஸ் விடவில்லை. 1991 மிஸ் ஒலிம்பியாவில் லெண்டா மர்ரேயிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்.

அதோடு ஓய்ந்ததா? 2004 டிசம்பரில் சர்வதேசச் சம்மேளனத்தின் தொழில்முறைப் பிரிவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பெண் போட்டியாளர்கள் தசையை இருபது சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். இருபது சதவீதத்தை எந்தத் தராசில் நிறுத்தார்களோ! 'பிகர்', 'பிகினி', 'பிசிக்' என்று தசை குறைந்த பிரிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. பிசிக் பிரிவில் புஜத்தைக் காட்டும்போது முஷ்டியை மூடக்கூடாது, விரல்களை விரித்துத்தான் வைக்க வேண்டும். 2014-க்குப் பிறகு மிஸ் ஒலிம்பியாவையே நிறுத்திவிட்டு, 2020-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இத்தனைக்கும் தயாரிப்பு ஆண்களைவிடக் கடினம். தசை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண் உடம்பில் ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆணுக்கு மாதங்களில் வருவது இவர்களுக்கு வருஷங்களில் வரும். போட்டிக்கு மூன்று நான்கு மாதம் முன்பே சோற்றையும் எண்ணெயையும் குறைத்து முட்டை வெள்ளைக்கரு, கோழி, காய்கறி என்று அளந்து சாப்பிட வேண்டும். பெண் உடம்பில் சாதாரணமாகக் கால் பங்கு கொழுப்பு இருக்கும். அதைப் பாதிக்கும் கீழே இறக்குகிறார்கள். பலருக்கு மாதவிலக்கு நின்றுவிடும், எலும்புக்கும் அது நல்லதில்லை. கடைசி நாட்களில் தண்ணீரையும் குறைப்பவர்கள் உண்டு, அது உயிருக்கே ஆபத்து. குறுக்கு வழியில் ஊசி போட்டுக்கொண்டால் குரல் தடித்துவிடும், அது பிறகு திரும்பாது. மேடையில் புன்னகைக்கிற பெண் அன்று வாழ்க்கையிலேயே பலவீனமான நிலையில் இருக்கக்கூடும் என்பது படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நம் நாட்டில் மணிப்பூர்ப் பெண்கள் முந்திக்கொண்டார்கள். மமோதா தேவி, சரிதா தேவி இருவரும் உலகப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர்கள். மமோதா குழந்தை பெற்ற பிறகு மேடையேறியவர். தமிழ்நாட்டிலும் 2022-இல் இரண்டு குழந்தைகளின் தாயான ஒரு தினக்கூலிப் பெண் தென்னிந்தியப் போட்டியில் தங்கம் வென்றார். பேப்பரில் ஒரு நாள் செய்தி, அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. 1973-இல் எங்கள் வீட்டுக் கொல்லையில் என் கர்லாக்கட்டையை என் தங்கை எடுத்துச் சுற்றினாள். என்னைவிட நன்றாகவே சுற்றினாள், மூச்சு வாங்கவில்லை. "கீழே போடுடி, தோள் அகலமாயிட்டா எவன் கட்டுவான்?" என்று பிடுங்கி வைத்தேன். அம்மாவும் என் பக்கம்தான். அப்போது அவளுக்குப் பதினாறு வயசு.

இப்போது அவளுக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. பிசியோதெரபிக்காரப் பெண் ஒரு கிலோ டம்பெல் கொடுத்துத் தினம் மூன்று வேளை தூக்கச் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, தூக்கிக்கொண்டே, "அண்ணா, அந்தக் கர்லாக்கட்டை எங்கே?" என்று கேட்டாள். பழைய சாமான்காரனுக்குப் போட்டு இருபது வருஷம் ஆகிறது. பரண்மேல் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.