வேகமானி முள்ளின் வளைவு

குதிரை வண்டிகளில், குளம்புகள் வாரியிறைக்கும் சேறு சாரதியின் மேல் தெறிக்காதிருக்கும் பொருட்டு முன்புறத்தில் மரத்தாலோ தோலாலோ ஒரு தடுப்பு அமைத்து அதை டாஷ்போர்டு என்று மேனாட்டார் அழைத்தார்கள். குதிரை போய் மோட்டார் வந்த பின்னும் அந்தப் பலகை தன் பூர்வ நாமத்தை விடாமல், கருவிகளுக்கெல்லாம் ஆசனமாகிவிட்டது.

அக்கருவிகளில் பிரதானமானது வேகமானி. ஓட்டோ ஷூல்ட்ஸே 1902-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி, சக்கரத்தின் சுழற்சியைக் கேபிள் ஒரு காந்தத்துக்குக் கொண்டுவர, காந்தம் தன்னைத் தொடாமலே சூழ்ந்து நிற்கும் மெல்லிய உலோகக் கிண்ணத்தை இழுக்க, மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் அதைத் தடுக்க, இவ்விரண்டின் இழுபறியில் முள் நிற்கும் இடமே வேகம். இத்தனை நுட்பமான சக்தியால் அசையும் முள் இலேசாக இருந்தாக வேண்டும் என்பதனால்தான் பிற்காலத்தில் பிளாஸ்டிக்கை அதற்குத் தேர்ந்தார்கள்.

பிளாஸ்டிக்கிலும் ஜாதி உண்டு. 1907-ல் லியோ பேக்லண்டு கண்ட பேக்லைட் ஒரு முறை உஷ்ணத்தில் இறுகிவிட்டால் மறுபடி இளகாது. உடையும், கருகும், வளையாது. பின்னர் வந்த பாலிஸ்டைரீனும் அக்ரிலிக்கும் சூட்டில் இளகிக் குளிரில் உறைபவை. வேண்டிய வர்ணம் ஏற்பவை. ஒரே அச்சில் ஆயிரக்கணக்காக வார்க்கக் கூடியவை. ஆனால் உருகிய குழம்பை அச்சினுள் அழுத்திச் செலுத்தி அவசரமாகக் குளிர்விக்கும்போது அதன் உள்ளே ஓர் இறுக்கம் சிறைப்பட்டு விடுகிறது. வெயிலில் கதவடைத்து நிற்கும் காரின் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். வருஷக்கணக்கில் அந்த உஷ்ணம் படப்பட, பழைய இறுக்கம் மெல்ல விடுபட, முள் வில்லாக வளைந்து எண்தகட்டைச் சுரண்டத் தொடங்குகிறது. இதைப் பழுது என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிறவியில் அடக்கப்பட்ட ஒன்று முதுமையில் வெளிப்படுகிறது, அவ்வளவே.

1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளுக்கு இன்று புதிய முள் வார்ப்பார் இல்லை. ஆகவே, உள்ளதையே நிமிர்த்தியாக வேண்டும். புதுப்பேட்டையில் ஒரு முதிய மெக்கானிக் இதைச் செய்ய அருகிருந்து பார்த்தேன். முள் ஓய்ந்து நிற்கும் இடத்தை முதலில் பென்சிலால் குறித்துக்கொண்டு, இரண்டு தேக்கரண்டிக் காம்புகளை இருபுறமும் செருகி, சுருள்வில் நோகாதபடி நேர்மேலாக முள்ளைக் கழற்றினார். கொதி அடங்கிய வெந்நீரில் அதைச் சற்று நேரம் தோய்த்து, இரு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே வைத்து, மேலே ஓர் இரும்புக் கட்டியை ஏற்றினார்.

“இப்ப எடுத்துடலாமா அண்ணே?” என்றான் உதவிக்கு நின்ற பையன்.

“கையை வைக்காதே தம்பி, தானா ஆறணும்” என்றார் அவர்.

அவசரமாகக் குளிர்ந்ததால் வந்த வினை அல்லவா! பசையோ ஒட்டோ போட்டால் பாரம் ஏறி முள் பொய் சொல்லும் என்று, சிவப்பு வர்ணத்தைக்கூட ஒரே பூச்சாக மெல்லிசாகத் தடவினார். பிறகு முள்ளைப் பென்சில் குறிக்கு நேராகப் பொருத்தி, கேபிள் நுழையும் துவாரத்தில் சிறு டிரில்லை மாட்டிச் சுழற்ற, முள் தகட்டைத் தொடாமல் பூஜ்யத்திலிருந்து எழுந்து, நாற்பதைத் தாண்டி, கை தளர்ந்ததும் பென்சில் குறிக்கே திரும்பி வந்து நின்றது.