நோயாளி கைக்கு வந்த நோய்

நெஞ்சுவலி நோயைத் தெளிவாக விவரித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்துவந்த ஒரு நோயாளி ஏறக்குறைய குணமடைந்துவிட்டதாகக் குறித்துவைத்திருந்தார். ஹெபர்டன் இறந்த மறு ஆண்டு, 1802இல், அந்தக் குறிப்பு அச்சேறியது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவருக்கு விதிக்கப்பட்டது வாரக்கணக்கான படுக்கைதான், சாப்பாடுகூட ஊட்டிவிடப்பட்டது. பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்டு லோனும் அத்தகையோரை நாற்காலியில் உட்காரவைத்து 1952இல் கட்டுரை வெளியிட்டார்கள். உட்காரவைத்ததே அன்று பெரிய துணிச்சல்.

நுரையீரல் நோயிலும் ஓய்வுதான் மருந்தாக இருந்தது. மூச்சிரைக்கும் என்று நடக்காமலிருந்தால் கால் தசை மெலியும். மெலிந்த கால் நாலு எட்டில் களைக்கும். இரைப்பு இன்னும் கூடும். டென்வர் நகரில் தாமஸ் பெட்டி 1960களில் கையோடு தூக்கிச் செல்லும் ஆக்சிஜனைக் கொடுத்து நோயாளிகளை நடக்கவிட்டு இந்தச் சுழலை உடைத்தார். அதே ஊரில் ஆஸ்துமாக் குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்த தாமஸ் கிரியர் குழுவினர்தான் 'சுயமேலாண்மை' என்ற சொல்லை முதலில் கையாண்டவர்களில் சேர்வார்கள்.

நோயாளி தன் நோயைத் தானே கவனித்துக்கொள்வது என்ற இந்தச் சுயமேலாண்மை, மாத்திரையை வேளைக்குப் போடுவதோடு முடிவதில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர் தினமும் காலையில் எடை பார்க்கவேண்டும். இரண்டே நாளில் எடை ஏறினால் அது சதையல்ல, உடம்பில் தேங்கும் நீர். நுரையீரல் நோயில் சளியின் நிறம் மாறுவதை மருத்துவருக்கு முன்பே கவனிப்பவரும் நோயாளிதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் மூட்டுவாதக்காரர்களிடம் தொடங்கிய ஆறு வார வகுப்பு பின்னர் இதய, நுரையீரல் நோயாளிகளுக்கும் விரிந்தது. பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்ல, நீண்டநாள் நோயோடு வாழ்ந்தவர்கள். அதன் பலத்தில் பாதி இதில்தான் இருந்தது எனலாம்.

ஆனால் மாடிப்படி ஏறவே திணறுபவர் வாரந்தோறும் வகுப்புக்கு எப்படிப் போவார்? எடின்பரோவில் கையேடும் ஒலிநாடாவும் கொடுத்து வீட்டிலேயே பயில வைத்தார்கள். 'ஹார்ட் மேனுவல்' எனப்பட்ட அந்த முறையின் ஆய்வு 1992இல் வெளியானது. லோரிக் குழு இணையத்தை நாடியது. ஏறக்குறைய 25 பேர் கொண்ட குழு, அதை நடத்த இருவர். அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் உள்ளே வந்து படிக்கலாம், எழுதலாம். இதயம், நுரையீரல், நீரிழிவு நோயாளிகள் 958 பேரிடம் நடந்த சோதனை 2006இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் இணைய வகுப்பில் சேர்ந்தவர்களின் நிலை வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. நேரடி வகுப்பின் பலனுக்கும் அது குறைந்ததாக இல்லை.

நுரையீரல் நோய் முற்றியவர்களிடம் சுயமேலாண்மைப் பயிற்சி எல்லா இடத்திலும் ஒரேபோல் கைகொடுக்கவில்லை. மான்ட்ரியல் நகரில் ஜீன் பூர்போ குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சிரைப்பு முற்றி மருத்துவமனையில் சேர்வது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் 426 பேரிடம் நடந்த அதுபோன்ற சோதனையோ பாதியில் நிறுத்தப்பட்டது. 2012இல் வெளியான கணக்கின்படி, பயிற்சி பெற்றவர்களில் 28 பேர் இறந்திருந்தார்கள். பெறாதவர்களில் 10 பேர். ஆய்வாளர்கள் துருவிப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை.