நெல் வயலில் களைக்கொல்லி: மூன்றாம் நாளைத் தவறவிடக் கூடாது, ஏன்?

நடவு வயலில் பியூட்டாகுளோர் அல்லது பிரிட்டிலாகுளோர் இட்டும் களை அடங்கவில்லையா? மருந்து போலி என்று முடிவு செய்யும் முன், நடவு செய்து எத்தனையாவது நாளில் இட்டீர்கள் என்று பாருங்கள். இந்த மருந்துகள் களைக்குள் ஒரு குறிப்பிட்ட நொதியின் வேலையைத் தடுக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டால் நாள் கணக்கின் அவசியம் புரியும்.

நொதியின் வேலை

செடியின் உயிரணுக்கள் முதலில் 16 அல்லது 18 கரிம அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. பின்னர் 'எலாங்கேஸ்' எனப்படும் நீட்டிப்பு நொதி, ஒவ்வொரு சுற்றிலும் 2 கரிம அணுக்களைச் சேர்த்து, 20 முதல் 30-க்கு மேல் வரை அவற்றை நீளமாக்குகிறது. உயிரணுச் சவ்வுக்கும், இலையின் மேல் படியும் மெழுகுப் பூச்சுக்கும் இந்த நீண்ட கொழுப்பு அமிலங்கள் தேவை.

விதையிலிருந்து வெளிவரும் இளம் முளைக்கு இவை உடனுக்குடன் வேண்டும். நொதி தடைபட்டால் முளை மண்ணுக்கு மேல் வராது. வந்தாலும் இலை சுருண்டு, விரியாமல் மடியும். வளர்ந்த களையில் சவ்வும் மெழுகும் ஏற்கெனவே உருவாகியிருக்கும். அதனால்தான் 10, 12 நாள் கழித்து இடும் மருந்து வீணாகிறது. கிழங்கிலிருந்து கிளம்பும் கோரையும் இதற்குச் சரியாகக் கட்டுப்படாது.

நடவு வயலில் இடும் முறை

• நடவு செய்த 3 அல்லது 4-ஆம் நாளில் இட வேண்டும்.
• ஏக்கருக்கு பியூட்டாகுளோர் 50 இ.சி. 1 லிட்டர் அல்லது பிரிட்டிலாகுளோர் 50 இ.சி. 600 மில்லி போதும்.
• அன்றே 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து சீராகத் தூவவும். கையுறை அவசியம்.
• வயலில் மெல்லிய அளவில் நீர் நிற்க வேண்டும். அடுத்த 2 நாட்களுக்கு நீரை வடிக்கவோ புதுநீர் பாய்ச்சவோ கூடாது.
• பியூட்டாகுளோர் மீன்களுக்கு நஞ்சு. மருந்திட்ட நீர் குளம், வாய்க்காலில் கலக்காமல் வரப்பை அடைத்து வையுங்கள்.

சேற்றில் நேரடி விதைப்பு

நடவு நாற்று ஓரளவு வளர்ந்தது. மருந்தைச் சிதைத்துத் தாங்கிக்கொள்ளும். ஆனால் விதைத்த சில நாளில் நெல்லும் முளைப் பருவத்தில்தான் இருக்கிறது. எனவே 'சேஃப்னர்' எனும் பயிர்ப் பாதுகாப்பான் கலந்த பிரிட்டிலாகுளோர் 30.7 இ.சி. மருந்தைக் கேட்டு வாங்குங்கள். ஏக்கருக்கு 600 மில்லி வீதம், விதைத்த 3 அல்லது 4-ஆம் நாளில் இடலாம். அதிலுள்ள ஃபென்குளோரிம், நெல் முளை மருந்தை விரைவாகச் சிதைக்க உதவுகிறது.

மருந்தை மாற்றும்போது

பியூட்டாகுளோருக்குப் பதில் பிரிட்டிலாகுளோர் வாங்கினால் பெயர்தான் மாறும். இரண்டும் தடுப்பது ஒரே நொதியை. ஒரே வகையைத் தொடர்ந்து இட்டால், அதைத் தாங்கும் களைகள் பெருக வாய்ப்புண்டு. வேறு நொதியைத் தடுக்கும் மருந்துகளைச் சுழற்சி முறையில் பயன்படுத்துங்கள். தப்பிய களைகளை 30 முதல் 35 நாளில், விதை கட்டும் முன், கையால் எடுத்துவிடுங்கள்.

நாள் தவறிவிட்டதா? இந்த மருந்துக்குச் செலவு செய்யாதீர்கள். களை முளைத்தபின் தெளிக்கும் மருந்தை வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு, களையின் வகைக்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.